இரண்டாம் தளத்துக்கு வரவும்

புது மென்பொருள் வந்த திங்கட்கிழமை காலையில் மதன்குமார் வழக்கம்போல ஹெட்போனை மாட்டிக்கொண்டு எஃப் த்ரீ விசையை அமுக்கினான். காதில் எதுவும் விழவில்லை. இன்னொரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, டேப் விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்டிக்கொண்டு போனான். அவனுடைய கணினியில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. மதுரையில் பார்வையற்றவர்களுக்கான பயிற்சி மையத்தில் கணினி படித்தபோது அவர்கள் கொடுத்தது. மூக்கடைத்த ஆள் அவசரமாக ஆங்கிலம் பேசுவதுபோல் இருக்கும் அதன் குரல். திரையில் என்ன எழுத்து இருந்தாலும் சொல்லிவிடும். அன்று அது "பட்டன்" என்றது. அடுத்த தட்டுக்கும் "பட்டன்" என்றது. அதற்கடுத்த தட்டுக்கும் அதுவேதான். என்ன பட்டன், எதற்கான பட்டன் என்று அதற்கும் தெரியவில்லை.

பக்கத்து மேசை ஹேமாவதியிடம், "யக்கா, என் ஸ்கிரீன்ல என்ன தெரியுது?" என்று கேட்டான்.

அவள் எட்டிப் பார்த்தாள். "எல்லாம் படம் படமா இருக்கு மதன். கட்டில் படம், ஊசிப் படம், ஆளு படம். பாக்க அழகாத்தான் இருக்கு" என்றாள்.

அது தேனியில் ஒரு தனியார் மருத்துவமனை. வரவேற்பு மேசைக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்குள் மதனின் இடம். வெளியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளை முதலில் எடுப்பவன் அவன்தான். டாக்டர் வந்துவிட்டாரா, ஸ்கேன் முடிவு வந்துவிட்டதா, எங்கள் ஆள் எந்த வார்டில் இருக்கிறார் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி, வேண்டிய இடத்துக்கு இணைப்புக் கொடுப்பான். மேசையின் ஓரத்தில் ஒரு மைக்கும் இருந்தது. யாரையாவது அவசரமாகக் கூப்பிட வேண்டுமானால் வார்டிலிருந்து அவனுக்குச் சொல்வார்கள். அவன் குரல் எல்லாத் தளங்களிலும் ஒலிபெருக்கியில் கேட்கும். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனான். இதுதான் அவனுக்கு முதல் வேலை. பரிதாபப்பட்டுக் கொடுத்த வேலை என்று சேர்ந்த புதிதில் சிலர் பேசியது அவன் காதில் விழுந்திருக்கிறது. ஆறு மாதத்துக்குள் அந்தப் பேச்சு நின்றுபோனது. வலது காதில் ஆட்களும் இடது காதில் கணினியுமாக, கேட்பவர் கேள்வியை முடிக்கும்முன் அவன் பதில் வைத்திருப்பான்.

அதற்குப் பழைய மென்பொருள்தான் காரணம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் ஓடும் பழங்காலத்துச் சாமான் என்று மற்றவர்கள் அதைத் திட்டுவார்கள். மதனுக்கு அதன் லட்சணத்தைப் பற்றிக் கவலை இல்லை. எஃப் த்ரீ என்றால் பெயர் கேட்கும். பெயரை அடித்து எண்டரைத் தட்டினால் வார்டு, படுக்கை எண், பார்க்கும் டாக்டர், எல்லாம் வரிவரியாக வரும். எஸ்கேப்பைத் தட்டினால் பழைய இடம். எந்த விசையை எப்போது அமுக்கினாலும் அது அதே வேலையைத்தான் செய்யும். சொந்த வீட்டில் இருட்டில் நடப்பதுபோல என்று சொல்வார்களே, அந்த உவமை அவனுக்குப் பொருந்தாது. ஆனாலும் அவன் நடந்தது அப்படித்தான்.

மருத்துவமனை பெரிதாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பியது. அதற்கேற்றாற்போல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிடமிருந்து புது மென்பொருள் வாங்கினார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க வந்த பையன் பெயர் ஆதித்தன். மாடியில் கூட்ட அறையில் எல்லோரையும் உட்காரவைத்து, சுவரில் படம் காட்டிப் பாடம் நடத்தினான். மதனும் உட்கார்ந்திருந்தான். "இங்க க்ளிக் பண்ணுங்க. இப்ப இது பச்சையாயிடுச்சு பாருங்க. இப்ப அதை இழுத்து இந்தக் கட்டத்துல விடுங்க" என்று ஆதித்தன் சொல்லிக்கொண்டே போனான். இங்கே, இது, அது, இந்தக் கட்டம். இந்தச் சொற்கள் எல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்லப்படுகின்றன என்பது மதனுக்குப் புரிந்தது. முடிந்ததும் ஆதித்தனிடம் போய், சுட்டி இல்லாமல் விசைகளை மட்டும் வைத்து இதில் எப்படி வேலை செய்வது என்று கேட்டான். "சுட்டி இல்லாமலா?" என்று ஆதித்தன் திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை என்பது அதிலேயே தெரிந்தது. பிறகு, விசாரணைத் திரையில் நோயாளியின் பெயரை அடித்து ஆல்ட்டையும் டி-யையும் சேர்த்து அமுக்கினால் விவரம் வரும் என்று சொல்லி, மற்றவற்றைக் கேட்டுச் சொல்வதாகப் போனான்.

அடுத்து வந்த வாரங்களில் மதனும் ஹேமாவதியும் சேர்ந்து ஒரு பாதை கண்டுபிடித்தார்கள். அவள் திரையைப் பார்த்து, இது அட்மிஷன், இது பில், இது ஆய்வகம் என்று வரிசையாகச் சொல்ல, எத்தனையாவது பட்டன் எது என்று அவன் மனப்பாடம் செய்தான். ஒருநாள் காலையில் மென்பொருள் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. நடுவில் இரண்டு படங்கள் புதிதாக முளைத்திருந்தன. அவன் மனப்பாடம் செய்த வரிசை முழுவதும் தப்பாகிப்போனது. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்கள். இன்னொரு தொல்லையும் இருந்தது. வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு இன்செர்ட் விசைதான் எல்லாம். காதில் விழாத வரியைத் திரும்பச் சொல்லச் சொல்வதும் அதை வைத்துத்தான். புது மென்பொருளோ அதே இன்செர்ட்டைப் புது நோயாளியைச் சேர்ப்பதற்கு என்று வைத்திருந்தது. விரல் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டால் பெயரும் ஊரும் இல்லாத நோயாளி ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்துவிடுவார். பில் பிரிவிலிருந்து ஆள் வந்து, "இன்னைக்கும் ஒரு பேயைச் சேர்த்திருக்கீகளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். முதலில் மதனும் சேர்ந்து சிரித்தான்.

இதெல்லாம் போக, எதைத் தேடினாலும் கடைசியில் ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்து நிற்கும். அதில் எழுதியிருப்பதும் படமாகவே இருந்ததால் அவன் காதுக்கு வராது. "ஓகே பட்டன்" என்பது மட்டும் வரும். தகவல் கிடைத்தது என்று எழுதியிருப்பதாக ஹேமாவதி சொன்னாள். எண்டரைத் தட்டினால்தான் அது போகும். போனால்தான் விவரம் வரும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அப்படித் தட்டித் தட்டி, "ஓகே" என்ற சத்தம் கேட்டதுமே அவன் விரல் தானாக எண்டருக்குப் போக ஆரம்பித்தது.

பதில் சொல்ல நேரமானது. அழைத்தவர்கள் எரிச்சலில் வைத்துவிட்டார்கள். "கொஞ்சம் லயன்ல இருங்க" என்பதை அவன் அதற்கு முன் சொன்னதே இல்லை. இப்போது வாய்க்கு வாய் அதுதான் வந்தது. தடுமாறும்போதெல்லாம் ஹேமாவதி தன் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்து, சுட்டியைப் பிடித்து ஏதோ செய்துவிட்டுப் போவாள். அவள் வரும்போது அவன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். அப்படிக் கையை எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் பரீட்சை எழுத, தான் மட்டும், சொல்வதை எழுதித் தரும் எழுத்தர் வருவதற்காகக் காத்திருந்த வகுப்பறை ஞாபகம் வரும். நிர்வாகி பாண்டியராஜனிடம் போய்ச் சொன்னான். அவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். கோயம்புத்தூருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருப்பதாகவும், அடுத்த பதிப்பில் சரியாகும் என்று பதில் வந்திருப்பதாகவும் சொன்னார். அடுத்த பதிப்பு எப்போது வரும் என்பது அவருக்கும் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பண்ணைப்புரத்திலிருந்து ஒச்சாண்டி என்பவரைச் சேர்த்தார்கள். நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கியது. இரண்டாம் தளத்தில் பொது வார்டு. அவர் மனைவி ராமுத்தாய் கூடவே இருந்தாள். வீட்டில் கறவை மாடு இருந்ததால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊருக்குப் போய் வருவாள். போன இடத்திலிருந்து மதனுக்கு அழைப்பாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மருத்துவமனை எண்ணில் அவளுக்குத் தெரிந்த ஒரே குரல் மதனுடையதுதான். "தம்பி, நாந்தான் பண்ணைப்புரம்" என்றுதான் ஆரம்பிப்பாள், ஊரே அவள்தான் என்பதுபோல. புருஷன் சாப்பிட்டாரா, இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். மதன் வார்டுக்கு இணைப்புக் கொடுப்பான். நர்சு சொன்னதைக் கேட்டுவிட்டு மறுபடி அவனிடமே வந்து, "நல்லா இருக்காகளாம் தம்பி" என்று சொல்லிவிட்டு வைப்பாள். வேறு யாரும் அப்படித் திரும்ப வந்து சொன்னதில்லை. அவளை அவன் நேரில் சந்தித்ததில்லை. அவன் கண் தெரியாதவன் என்பதும் அவளுக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர், முன்பு கம்பத்தில் எடுத்த எக்ஸ்ரே படம் வேண்டும் என்றார். அது வீட்டில் இருந்தது. ராமுத்தாய் காலை பஸ்ஸில் ஊருக்குப் போனாள். மதியம் மதன் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரவும் அவள் அழைப்பு வந்தது. படம் கிடைத்துவிட்டது, அடுத்த வண்டிக்குக் கிளம்புகிறேன், அவருக்குக் கஞ்சி கொடுத்தார்களா என்று கேட்டாள். முந்தின நாள் வார்டுக்குள்ளேயே அவரை வேறு கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். எந்தக் கட்டில் என்று நர்சிடம் சொல்ல வேண்டுமே என்று மதன் ஒச்சாண்டியின் பெயரை அடித்தான். ஆல்ட்டையும் டி-யையும் சேர்த்து அமுக்கினான். "ஓகே பட்டன்" என்றது. எண்டரைத் தட்டினான். வழக்கமாக வரும் விவரம் வரவில்லை. சற்று நேரம் காத்திருந்தான். ஹேமாவதி சாப்பிடப் போயிருந்தாள். இது புதிதில்லை, எத்தனையோ முறை இப்படி ஒன்றும் சொல்லாமல் நின்றிருக்கிறது. அவன் அதை விட்டுவிட்டு வார்டுக்கு நேராக இணைப்புக் கொடுத்தான். நர்சு கட்டிலைத் தேடிப் பார்த்துச் சொன்னாள். ராமுத்தாய் திரும்ப அவனிடம் வந்தாள். "கஞ்சி குடிச்சிட்டாகளாம் தம்பி. வீட்டுக்குப் போவோம் வீட்டுக்குப் போவோம்னு ஒரே அழும்பாம்" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் இரண்டாம் தளத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒச்சாண்டிக்குத் திடீரென்று மூச்சு முட்டுகிறது, டாக்டர் வந்துவிட்டார், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப் போகிறார்கள், கூட யாரும் இல்லை, மைக்கில் கூப்பிடு என்றாள் நர்சு. மதன் மைக்கை இழுத்தான். "கவனிக்கவும். பண்ணைப்புரம் ஒச்சாண்டியின் உறவினர் எங்கிருந்தாலும் உடனடியாக இரண்டாம் தளத்துக்கு வரவும்." அவன் குரல் படிக்கட்டுகளில் ஏறி, வராந்தாக்களில் எதிரொலித்து, திரும்பி அவன் கண்ணாடியில் வந்து மோதியது. ராமுத்தாய் இந்நேரம் வந்திருக்க வேண்டும். பஸ் தாமதமாகியிருக்கும் என்று நினைத்தான். மறுபடி கூப்பிட்டான். நர்சு மறுபடி அழைத்தாள். மறுபடி கூப்பிட்டான். இடையில் வேறு அழைப்புகள் வந்தன. யாருக்கோ பல் டாக்டரின் நேரம் தெரிய வேண்டும். பதில் சொல்லிவிட்டு மைக்கை எடுத்தான். கேண்டீனில் இருக்கலாம், தண்ணீர் பிடிக்கப் போயிருக்கலாம் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் தெளிவாகச் சொன்னான். ஊர்ப் பெயரை அழுத்திச் சொன்னான், அவள் அதற்குத்தான் திரும்புவாள் என்பதுபோல.

அப்போது வெளியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பின்னணியில் பஸ்களின் ஹாரன், கண்டக்டர்கள் ஊர்ப்பெயர் கூவும் சத்தம்.

"தம்பி, நாந்தான் பண்ணைப்புரம். அவுக பஸ்ஸ்டாண்டுலயும் இல்லையேப்பா. கம்பம் வண்டி, போடி வண்டி, எல்லாத்துலயும் ஏறிப் பாத்துட்டேன். எம்புட்டு நேரத்துக்கு முந்தி அனுப்புனீக?"

மதனுக்கு ஒன்றும் புரியவில்லை. "யார அனுப்புனோம்? ஆத்தா, அவுக இங்கனதான் இருக்காக. எங்கயும் போகல. மேல மாடியிலதான் இருக்காக. நீங்க ஒடனே ஆட்டோ பிடிச்சு வாங்க."

"வாசல்ல உள்ள பையன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னானே தம்பி. டிஸ்சார்ஜ் ஆகிப் போயிட்டாகன்னு."

போட்ட ஒரு ரூபாய்க் காசுக்கான நேரம் முடிந்து தொலைபேசி நின்றது.

நடந்தது இதுதான். எக்ஸ்ரே உறையோடு அவள் வாசலுக்கு வந்து, உள்ளே போவதற்கான சீட்டுக் கேட்டிருக்கிறாள். புது மென்பொருள் வந்ததிலிருந்து அந்தச் சீட்டும் கணினியில்தான் அச்சாகும். அங்கே இருந்தவன் பெயரை அடித்துப் பார்த்து, உங்கள் ஆள் மதியமே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார், சீட்டு வராது என்றான். யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று கேட்டிருக்கிறாள். அது இதில் இல்லையே என்றிருக்கிறான். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒச்சாண்டி ஏற்கெனவே ஒருமுறை கம்பத்து ஆஸ்பத்திரியிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்த மனிதர். நாலு நாளாக வீட்டுக்குப் போவோம் என்று நச்சரித்தவர். மூச்சு வாங்கிக்கொண்டே எந்த பஸ்ஸிலாவது ஏறிவிட்டாரோ என்று அவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறாள். அவள் வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் மதன் முதல் தடவை மைக்கில் கூப்பிட்டது.

மதன் ஹேமாவதியை அழைத்துப் பார்க்கச் சொன்னான். அவள் வந்து அவன் திரையைப் பார்த்தாள். சுட்டியின் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"என்னக்கா?"

"அந்தக் கட்டில் காலின்னு இருக்கு மதன்."

ராமுத்தாய் வந்து சேர்ந்தபோது மதன் அவள் குரலை வரவேற்பு மேசையில் கேட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரம். "ரெண்டாவது மாடிக்கு எப்பிடிப் போகணும்" என்று மூச்சிரைக்கக் கேட்டாள். ஒவ்வொரு நாளும் போய்வந்த மாடிக்கு வழி மறந்திருந்தது அவளுக்கு. ஹேமாவதி அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மதன் எழுந்து நின்றான். தொலைபேசி அடித்தது. உட்கார்ந்து எடுத்தான். யாரோ லேப் எண்ணைக் கேட்டார்கள். கொடுத்தான். அதை வைத்ததும் உள்தொடர்பு ஒலித்தது. நர்சு பேசினாள். இனிமேல் மைக்கில் கூப்பிட வேண்டாம் என்றாள். அந்தம்மா வந்துவிட்டார்களா என்று கேட்டான். வந்துவிட்டார்கள், வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் முடிந்தது என்றாள்.

மறுநாள் பாண்டியராஜன் தன் அறைக்கு அழைத்தார். ஹேமாவதியும் இருந்தாள். முந்தின நாள் கணினியில் யார் யார் என்ன செய்தார்கள் என்ற பதிவை அச்செடுத்து வைத்திருந்தார். அதை அவர் வாசித்துக் காட்டினார். மதியம் ஒச்சாண்டியை டிஸ்சார்ஜ் செய்தது மதன்குமார் என்று இருந்தது. உறுதியா என்று கேட்டதற்கு ஆம் என்று சொன்னதும் மதன்குமார்தான். கோயம்புத்தூரிலிருந்து ஆதித்தன் தொலைபேசியில் இருந்தான், ஒலிபெருக்கியில். படுக்கைகளைக் காட்டும் திரை என்று ஒன்று உண்டு, அந்தத் திரையில் ஆல்ட்டும் டி-யும் டிஸ்சார்ஜ் என்றான். விசாரணைத் திரையில் அது விவரம், அதாவது டீடெயில்ஸ், படுக்கைத் திரையில் டிஸ்சார்ஜ். இரண்டுமே டி எழுத்தில்தானே ஆரம்பிக்கிறது சார் என்றான். அவன் சமாளிக்கிற மாதிரி சொல்லவில்லை. காரணம் அவ்வளவுதான் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்ததுபோலச் சொன்னான்.

"நான் அந்தத் திரையத் தெறக்கவே இல்ல சார்" என்றான் மதன். "எந்தத் திரையில இருக்கோம்னு அது சொல்லவும் சொல்லாது."

"ஒங்க மேல யாரும் தப்புச் சொல்லல மதன்" என்றார் பாண்டியராஜன். "வைத்தியத்துல எந்தக் குறையும் இல்ல. நர்சுக பக்கத்துலயே இருந்திருக்காக. அவரு ஒடம்பு அப்பிடி. வந்த அன்னைக்கே டாக்டர் சொல்லிட்டாரு. அந்தம்மா வர்றது மட்டும் கொஞ்சம் லேட்டாயிருச்சு."

கொஞ்சம் லேட்டாயிருச்சு என்பதை அவர் மெதுவாகச் சொன்னார். அவருக்கும் அதன் கனம் தெரிந்திருந்தது. குடும்பத்தாரிடம் கணினிக் கோளாறு என்று சொல்லியிருப்பதாகவும் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொன்னார். திருப்பூரிலிருந்து மகன் வந்து, அப்பாவை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு ராத்திரியே பண்ணைப்புரம் போய்விட்டான்.

மதனும் ஹேமாவதியும் வெளியே வந்தார்கள். மருந்துக்கடைப் பக்கம் டீ குடிக்கப் போனார்கள். அவள் டம்ளரை வைத்துவிட்டு, "நாந்தான் மதன்" என்றாள். "என் சிஸ்டம் ஹேங் ஆயிருச்சு. புதுசாச் சேர வந்த சீலையம்பட்டிக்காரருக்குக் கட்டில் காலியா இருக்கான்னு பாக்க, ஒன்னோடதுல அந்தத் திரையத் தெறந்தேன். நீ சாப்பிடப் போயிருந்த. மூடாம போயிட்டேன்."

"மூடணும்னு யாருக்குக்கா தெரியும்" என்றான் மதன். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவளைக் கோபித்துக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. ஆதித்தனையோ, வாசலில் இருந்த பையனையோகூட. ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். எல்லோருமே கணினி கேட்டதற்குப் பதில் சொன்னவர்கள்தான். தானும் அப்படித்தான். அது ஓகேயா என்று கேட்டது, அவன் ஓகே என்றான். எதற்கு என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆதித்தன் நேரிலேயே வந்தான். மதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரை நாள் முழுக்க அவன் வேலை செய்வதைக் கவனித்தான். ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக் கேட்டான். பட்டன், பட்டன், பட்டன் என்று அது சொல்வதைக் கேட்டுவிட்டு, இந்தப் படங்களுக்கு எல்லாம் பெயர் வைக்க வேண்டும், வைத்தால் வாசிக்கும், முதலில் செய்தவர்கள் வைக்காமல் விட்டுவிட்டார்கள் என்றான். அது பெரிய வேலையா என்று மதன் கேட்டான். பெரிய வேலை இல்லை, ஆனால் அது தன் கையில் இல்லை என்றான். அதைச் செய்கிறவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் நீண்ட பட்டியல் இருக்கிறது, தானும் எழுதி அனுப்பியும் பதில் வரவில்லை என்றான். டிஸ்சார்ஜ் செய்யும் உரிமையை மட்டும் மதனின் கணக்கிலிருந்து எடுத்துவிட்டான். போகும்போது மதனின் தோளில் கை வைத்தான். என்னவோ சொல்ல வந்தவன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னான்.

மாதக் கடைசியில் மதனின் மேசையிலிருந்து கணினியை எடுத்துவிட்டார்கள். சம்பளத்தில் மாற்றமில்லை. நீங்கள் நிம்மதியாக ஃபோனை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், விசாரணையை எல்லாம் ஹேமாவதிக்கு மாற்றிவிடுங்கள் என்று பாண்டியராஜன் அன்பாகச் சொன்னார். மேசை அகலமாகிவிட்டது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதன் மேல் சும்மா வைத்திருந்தான். இடது காது காலியாக இருந்தது. அதில் இப்போது வரவேற்பு அறையின் சத்தமெல்லாம் நுழைந்தது, குழந்தைகளின் அழுகை, செருப்புச் சத்தம், மின்விசிறி. எந்தக் கேள்வி வந்தாலும் "ஒரு நிமிஷம், கனெக்ட் பண்றேன்" என்பதுதான் பதில். வீட்டில் அம்மாவிடம் வேலை லேசாகிவிட்டது என்று சொன்னான். அவளுக்குச் சந்தோஷம்.

ஆனி மாதக் காற்று தொடங்கியிருந்த ஒரு முற்பகலில் அந்தக் குரல் வந்தது.

"தம்பி, நாந்தான் பண்ணைப்புரம்."

மதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சொல்லுங்க ஆத்தா" என்றான். அவள் முதலில் காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்ததைச் சொன்னாள். மகன் திருப்பூருக்குத் திரும்பிப் போய்விட்டதைச் சொன்னாள். மாடு சினையாக இருப்பதைச் சொன்னாள். இதைச் சொல்ல அவள் அழைக்கவில்லை என்பது தெரிந்தது. அவன் காத்திருந்தான். தன் பக்கத்தில் சொல்ல வேண்டியது ஒன்று இருந்ததையும், அதை எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியாததையும் நினைத்துக்கொண்டிருந்தான். ஆல்ட் என்றால் என்ன, டி என்றால் என்ன என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

"பக்கத்துக் கட்டிலுக்காரம்மாவ நேத்து உத்தமபாளையம் சந்தையில பாத்தேன் தம்பி" என்றாள். "அன்னைக்கு மைக்குல என்னையக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீகளாம். பண்ணைப்புரம் பண்ணைப்புரம்னு. அது நீங்கதான?"

"ஆமாத்தா."

"அந்த மைக்குக் கொழாய் எங்க வீட்டுக்காரரு கட்டிலுக்கு மேலயே இருக்காம். ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என்னையக் கூப்பிட்டது அவுகளுக்குக் கேட்டிருக்குமா தம்பி?"

மதன் வாயைத் திறந்தான். ஒலிபெருக்கி எல்லா வார்டிலும் கேட்கும், எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவர் எவ்வளவு நினைவோடு இருந்தார் என்பது தெரியாது. கேட்டிருக்கும் என்றால், மனைவியைத் தேடுகிறார்கள், அவள் வரவில்லை என்று தெரிந்துகொண்டே அவர் போனார் என்றாகும். கேட்டிருக்காது என்றால், அவளை யாராவது தேடினார்களா என்பதுகூடத் தெரியாமல் போனார் என்றாகும். இவற்றில் எதைக் கேட்க அவள் அழைத்தாள் என்பது அவனுக்குத் தெரியவில்லை. எதைச் சொன்னாலும் அவள் அதை வைத்துக்கொண்டு வாழ வேண்டும்.

"ஆத்தா" என்றான்.

"சொல்லு தம்பி."

அடுத்த அழைப்பு காத்திருப்பதற்கான சத்தம் இடையிடையே விழ ஆரம்பித்தது. அவன் அதை எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. யாரோ வாளியைக் கீழே வைத்தார்கள். மாட்டின் கழுத்து மணி ஒருமுறை அசைந்து நின்றது. தூரத்தில் பஸ் ஒன்று வந்து நின்று, ஹாரன் அடித்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறிப் போகும் சத்தம் கேட்டது. அவள் அவசரப்படவில்லை. ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். அவள் மூச்சு விடுவது அவனுக்குக் கேட்டது.